அறுபது நாள் வைத்திருந்தவர்

சலூன் கதிரையில் சாய்ந்து, கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, தலைக்குச் சாயம் பூசக் கொடுத்திருந்தேன். சலூன்காரர் குழாயைப் பிதுக்கிக் கலவையைக் கிண்ணத்தில் அடித்தார். அந்த மணம் எழுந்து மூக்கின் மேற்பக்கத்தில் ஊசியாகக் குத்தியது. அமோனியா. கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"எரியுதோ சேர்?"

"இல்லை, பூசுங்கோ."

எரியவில்லை. கண்ணாடியில் என் பாதி கறுத்த தலைக்குப் பின்னால் உள்துறைமுகத்துக் குளிர்க்களஞ்சியத்தின் இரும்புக் கதவு திறந்துகொண்டது. அதன் வழியே, ஆடி மாத வெயிலில், மழைக்கோட்டும் தலைக்கவசமுமாக ஒரு பெண் உள்ளே வந்தார். மழைக்கோட்டு மழைக்கானதல்ல, கச்சான் காற்று வாரியடிக்கும் புழுதிக்கானது. கிண்ணியாவிலிருந்து பாலத்தைக் கடந்து ஸ்கூட்டரில் வருவார். கோட்டைக் கழற்றி உதறி, மடித்து, தலையில் துணியைச் சரிசெய்து, மூக்கை ஒருமுறை உயர்த்தி மணம் பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தன் பெயரை அவர் எதிலும் விட்டுச் சென்றதில்லை. எங்கள் கணினியில் அவர் மாற்றிய ஒவ்வொரு இடத்திலும் பக்கத்திலேயே காரணம் எழுதியிருக்கும், பெயர் இருக்காது. ஒருமுறை கேட்டேன்.

"பேர் எழுதினா ஆளைத் தேடுவாங்கள் தம்பி. காரணத்தைத் தேடமாட்டாங்கள்."

நாங்கள் அவரை மிஸ் என்போம். அவர் எங்கேயும் படிப்பித்தவர் இல்லை. ஆனால் அவர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் விதத்தில், எதிரில் நிற்பவரின் கை தானாகவே பின்னால் போய்க் கட்டிக்கொள்ளும்.

*

அந்தக் களஞ்சியத்தில் மூன்று குளிரறைகள். படகுகள் கொண்டுவரும் மீனை, கொழும்பு லொறி வரும்வரை அங்கே வைத்திருப்போம். நான் அலுவலகத்தில் பதிவு வேலை பார்த்தவன், கணினி தெரிந்தவன் என்று நம்பப்பட்டவன். குளிரறைகளைக் கவனிக்க ஒரு மென்பொருள் இருந்தது. அறையின் குளிர் எவ்வளவு, கதவு எப்போது திறந்தது, எப்போது மூடியது, இயந்திரம் எப்போது ஓடியது, எப்போது நின்றது, குளிரூட்டும் அமோனியா காஸின் கசிவைப் பார்க்கும் கருவி எப்போது முணுமுணுத்தது, எல்லாவற்றையும் அது வரி வரியாக ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். லொக் ஃபைல் என்போம். கடல் மாதிரி அதற்கும் வாய் ஓயாது. கடலின் பேச்சை யாரும் சேர்த்து வைப்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

எப்போது பழையதை மூடிவைத்துப் புதியதைத் திறக்கவேண்டும், எதை எப்போது எறியவேண்டும் என்று அதற்கு ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. அது எழுதியது, எழுதியது, கணினி நிரம்பும்வரை எழுதியது. ஒருநாள் எழுத இடமில்லாமல் அப்படியே உறைந்தது. திரையில் மூன்றாம் அறை மைனஸ் பதினெட்டு என்று நிம்மதியாக நின்றுகொண்டிருக்க, மூன்றாம் அறைக் கதவின் கீழால் தண்ணீர் வழிந்து என் செருப்பை நனைத்தது.

அன்று நானே ஒரு வழி தேடிப்பிடித்தேன். நாளுக்கொரு கோப்பு. பொழுது மாறும்போது பழையது மூடப்பட்டுத் திகதி ஒட்டப்படும், புதியது திறக்கும். ஏழு நாளுக்கு மேற்பட்டது தானாகவே அழியும். ஒரு சின்ன அமைப்புக் கோப்பில் ஐந்தாறு வரிகள்தான். ஏழு என்ற எண்ணை அடித்து முடித்தபோது எனக்கு என்மேல் ஒரு மரியாதை வந்தது. அடுத்த கிழமை, எதற்கும் ஒருக்கால் பார்க்கட்டும் என்று மனேஜர் கூப்பிட்டு அனுப்பியதால்தான் கணினி பார்க்கும் மிஸ் முதன்முதல் வந்தார். திரையை இரண்டு நிமிடம் பார்த்தார்.

"ஆர் இந்த ஏழு போட்டது?"

"நான்தான் மிஸ்."

"ஏன் ஏழு?"

யோசித்தேன். காரணம் இருந்ததாக ஞாபகம். கையை விட்டுத் துழாவினால் வெறும் பை.

"கிழமைக்கு ஏழு நாள்தானே."

"கிழமை உங்களுக்கு. கடலுக்குப் போறவனுக்குக் கிழமை இருக்கோ?"

சுவரில் தொங்கிய கலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்தார். அதன் பின்பக்கத்தை முழங்காலில் வைத்து நேராக்கினார். பேனையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

*

அன்று அவர் கேட்ட கேள்வியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எங்கள் முற்றத்தில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய் அதையே கேட்டார்.

"இங்க ஒரு பிழை நடந்தா, நீங்கள் சண்டைக்கு எத்தனையாம் நாள் வருவீங்கள்?"

இயந்திர அறையில் யேசண்ணை எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். யேசுதாசன் என்பது முழுப்பெயர். இருபது வருடமாக அந்த இயந்திரங்களோடு குடியிருந்தவர்.

"நான் சண்டைக்குப் போறேல்ல மிஸ். அதுதான் என்னைத் தேடி வரும்."

மிஸ் அதையும் எழுதிக்கொண்டார்.

கொழும்பு லொறிக்காரர் சில்லுக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொழும்பில கொண்டுபோய் இறக்கி, முதலாளி பெட்டியைத் திறந்து பாத்து, எனக்கு ஏசி, நான் இஞ்ச வந்து உங்களுக்கு ஏச நாலு நாள் பிடிக்கும். ரோட்டில யானை நிண்டா அஞ்சு."

நிஸ்தார் நானா தன்னுடைய பலநாள் படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். சொந்தப் படகு, தானே ஓட்டுபவர். பெரிய மனிதர். அவர் சிரித்தால் படகு ஆடுகிறதா அவர் ஆடுகிறாரா என்று தெரியாது.

"நாளைக்கு வெளிக்கிடுறன் புள்ள. இனி இருவத்தஞ்சு, முப்பது நாள். கடலில மனுசரோட சண்டை பிடிக்க நேரம் எங்க? மீனோட பிடிச்சு முடிச்சுத்தான் உங்களிட்ட வாறது."

"காத்துக் கெட்டா?"

"காத்துக் கெட்டா இன்னும் பத்துப் பதினஞ்சு. போன முறை அந்தமான் பக்கம் ஒதுங்கிட்டுத்தானே வந்தனான். என்ர மனுசி வெள்ளைச் சீலை எடுக்கலாமா எண்டு யோசிச்சவ."

"வந்த அண்டைக்கே சண்டை பிடிப்பீங்களோ?"

"சீச்சீ. முதல் நித்திரை. பிறகு சோறு. கோவமெல்லாம் ஆறுதலா."

மிஸ் அலுவலகத்துக்குத் திரும்பி என்னுடைய ஏழை அழித்துவிட்டு அறுபது என்று போட்டார். அதற்கு மேல், கணினி கவனிக்காமல் தாண்டிப்போகும் குறியிட்டு, ஒரு வரி எழுதினார். இன்றும் அது என் கண்ணுக்குள் நிற்கிறது: படகு போய்வர 30, காற்றுக் கெட்டால் 15, கோபம் ஆறிப் பேச 15.

அலுவலகத்து மனிதர்களுக்கு மட்டும் வரக்கூடிய பிழை என்னுடையது. நாங்கள் திங்களில் தொடங்கி வெள்ளியில் முடிகிறவர்கள். எங்களுக்கு முன்னால் கிடந்த தண்ணீர் அப்படி வாழவில்லை. எங்கள் கோப்பில் எழுதப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் உரியவன் எங்கோ அடிவானத்துக்கு அப்பால் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் திரும்பி வந்து வாய் திறப்பதற்குள் நான் அவனுடைய நாளை மூன்று தரம் அழித்து முடித்திருப்பேன்.

மனேஜருக்கு அறுபது பிடிக்கவில்லை. குளிரூட்டிய மேல்மாடி அறையிலிருந்து இறங்கி வந்து திரையைப் பார்த்தார்.

"உது என்ன மிஸ், கல்வெட்டோ?"

"கல்வெட்டுக்கு அழிக்கிற திகதி இல்லை சேர். இதுக்கு இருக்கு. அறுபத்தோராம் நாள் ஒரு வரியும் மிஞ்சாது."

"கனக்க வச்சிருந்தா கனக்கக் கேள்வி வரும்."

"கேள்வி எப்பிடியும் வரும் சேர். வச்சிராட்டி மறுமொழிதான் வராது."

மனேஜர் என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையில் தூசி ஊதினேன்.

*

மிஸ் எதையும் போட்டுவிட்டு நம்பிப் போகிறவர் இல்லை. அறுபது போட்ட அன்றே, பொழுது மாறும்வரை காத்திராமல், கோப்பை மாற்றச்சொல்லி அங்கேயே கட்டளை கொடுத்தார். பழைய கோப்புக்குத் திகதி ஒட்டியது. புதிய கோப்பு வெறுமையாகத் திறந்தது. நான் எழும்பப் போனேன்.

"இருங்கோ."

இருந்தேன். புதிய கோப்பு வெறுமையாகவே கிடந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இயந்திரங்கள் பின்னால் உறுமுகின்றன, கதவுகள் அடிபடுகின்றன, ஒரு வரியும் விழவில்லை.

"பாத்தீங்களே? புதுக் கொப்பி வச்சாலும் இது பழக்கத்தில பழைய கொப்பியிலதான் எழுதிக்கொண்டிருக்கு. முதுகில தட்டிச் சொல்லவேணும்."

இன்னொரு வரி சேர்த்தார். கோப்பு மாறியதும் மென்பொருளைத் தட்டி எழுப்பி, இனி இதில் எழுது என்று சொல்லும் வரி. மறுபடியும் மாற்றினார். சிறிது நேரத்தில் புதிய வெண்பரப்பில் முதல் வரி வந்து விழுந்தது. இரண்டாம் அறைக் கதவு திறந்தது. அவ்வளவுதான் செய்தி. அதைப் பார்க்க என் நெஞ்சுக்குள் ஏன் அப்படி ஒரு குளிர்ச்சி என்று தெரியவில்லை. இரவெல்லாம் பேருந்தில் வந்து விடியலில் முதன்முதல் கடலைக் காண்பது போல.

வேறொரு நாள் அவரோடு வாக்குவாதப்பட்டேன். அறுபது நாள் வைப்பதானால் ஒவ்வொரு நாளையும் மெலியச் செய்யலாமே என்பது என் எண்ணம். காஸ் பார்க்கும் கருவி சும்மா சும்மா எச்சரிக்கை எழுதிக்கொண்டிருந்தது. எச்சரிக்கைகளை விட்டுவிட்டு, இயந்திரம் நின்றது, ஓடியது என்ற பெரிய விடயங்களை மட்டும் எழுதினால் போதும் என்றேன். மிஸ் சோற்றுப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். மூடிவிட்டார்.

"நிப்பாட்டினது மட்டும் எழுதி, அதுக்கு முதல் நடந்ததை எழுதாட்டி, பிறகு வாசிக்கிறவனுக்கு என்ன தெரியும்?"

"நிப்பாட்டினது தெரியும்."

"நிப்பாட்டினவன்தான் கள்ளன் எண்டு தெரியும். ஒருத்தன் ஓடுறதை மட்டும் படம் பிடிச்சு வச்சா எல்லாரும் கள்ளன்தான். பின்னால நாய் வந்தது படத்தில இருக்கவேணும் தம்பி."

எச்சரிக்கைகள் அப்படியே இருந்தன. ஒரு நாள் முடிந்த கோப்பைச் சுருக்கிக் கட்டி வைக்கும் ஒரு வரியை மட்டும் எனக்காகச் சேர்த்தார். இடப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. சோற்றுப்பெட்டியிலிருந்து பாதி மீன் பொரியலை என் பக்கம் தள்ளினார்.

*

வைத்திருப்பதில் எவ்வளவு பிடிவாதமோ, எறிவதிலும் அவ்வளவு. பேருந்தில் வரும் நாட்களில் டிக்கெட்டைக் கைக்குள் பிடித்திருப்பார். படியில் இருந்து கால் நிலத்தில் பட்டதும் குப்பைத் தொட்டியில் போய்விடும். ரெலிபோனில் குறுஞ்செய்திகளை மாதாமாதம் பிறை பார்த்ததும் துடைத்துவிடுவார். அலுமாரியில் கணவருடைய கால் எக்ஸ்ரே மட்டும் பத்து வருடமாக இருக்கிறதாம்.

"கால் இன்னும் நோகுது. அதால இருக்கு."

"உங்கட உம்மா எழுதின கடிதங்கள்?"

"அதுக்கு ஆரும் சண்டைக்கு வரமாட்டினம். அது வேற பெட்டி. அதுக்கு எண்ணில்லை."

மனேஜர் ஒருமுறை ஒரு கோரிக்கையோடு வந்தார். மீன் அடுக்கும் ஒருவர் குளிரறைக் கதவை ஒரு மணி நேரம் திறந்தபடி விட்டிருந்தார். கோப்பில் பதிவாகியிருந்தது. அந்த நாளை மட்டும் தனியே பிரதி எடுத்து எறியாமல் வைக்கவேண்டும். பிறகு உதவும்.

"அதைப் பற்றி அவனோட கதைச்சீங்களோ சேர்?"

"இல்லை. இப்ப தேவையில்லை. சங்கம் அது இது எண்டு வந்தானெண்டா..."

"அப்ப இப்பவே கதையுங்கோ. இல்லாட்டி விடுங்கோ. சண்டையைத் தீர்க்க வச்சிருக்கிறது வேற, சண்டையை வளக்க வச்சிருக்கிறது வேற. அறுபது நாளில ஒருத்தரும் கேக்காட்டி அது முடிஞ்ச கதை."

பிரதி எடுக்கவில்லை. அந்த நாள் தன்னுடைய முறை வந்தபோது மற்ற நாட்களோடு நாளாக அழிந்தது. கதவைத் திறந்துவிட்டவருக்குத் தன்னுடைய ஒரு மணி நேரம் அறுபது நாள் உயிரோடு இருந்ததும் தெரியாது, செத்ததும் தெரியாது. அவர் அடுத்த மாதம் கலியாணம் கட்டினார். நாங்கள் எல்லோரும் போய்ச் சாப்பிட்டோம்.

*

பிறகு அந்த ஆடி வந்தது.

நிஸ்தார் நானா கரைக்கு வந்து, தன் சூரை மீனை இரண்டாம் அறையில் அடுக்கக் கொடுத்துவிட்டு, மறுநாளே திரும்பவும் கடலுக்குப் போய்விட்டார். இருபத்தேழு நாளுக்குப் பிறகு வந்தார். நித்திரை கொள்ளவில்லை, சோறு தின்னவில்லை, நேரே எங்கள் முற்றத்துக்கு வந்தார். மேல் வரிசை மீன் இளகிப் போனதென்று கொழும்புக்காரன் திருப்பிவிட்டானாம். மீன் வைத்த அன்று பின்னேரம் இரண்டாம் அறை இயந்திரம் சத்தம் இல்லாமல் கிடந்ததை ஐஸ் ஏற்ற வந்த ஒருவர் கண்டிருக்கிறார்.

"ஓம் நானா, நான்தான் நிப்பாட்டினன்," என்றார் யேசண்ணை. "காஸ் மணத்தது."

"அண்டைக்கு முழுக்க நான் இங்கதான் நிண்டனான்," என்றார் மனேஜர். "எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே."

ஒரு பகலுக்குள் கடிதம் தட்டச்சாகிவிட்டது. யேசண்ணையை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம், கையெழுத்து மட்டும் பாக்கி. அவருக்கு வயது ஐம்பத்திரண்டு, படிக்கிற பிள்ளைகள் இரண்டு. ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தி மீனைக் கெடுத்தவன் என்று பெயர் வந்தால் இந்தக் கரையோரத்தில் ஒருவரும் அவரிடம் ஒரு குளிரறையை ஒப்படைக்கமாட்டார்கள். அதை அவர் சொல்லவில்லை. எண்ணெய்த் துணியை மடித்து, விரித்து, மறுபடியும் மடித்துக்கொண்டு இருந்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ சேர்," என்றேன் மனேஜரிடம். "மிஸ் வரட்டும். அந்த நாள் இன்னும் இருக்கு."

மிஸ் மறுநாள் காலை வந்தார். கோட்டை உதறினார், மணம் பார்த்தார், கதிரையை இழுத்துக்கொண்டு இருந்தார். மனேஜரும் நானாவும் மேசைக்கு அந்தப் பக்கம். யேசண்ணை கதவருகில். நான் மிஸ்ஸுக்குப் பின்னால்.

"என்ன தெரியவேணும்?" என்றார், எல்லோரையும் பார்த்து.

"இவர் ஏன் மெஷினை நிப்பாட்டினவர்?" என்றார் மனேஜர்.

"அதுதான் எனக்கும் தெரியவேணும்," என்றார் நானா.

சுருக்கிக் கட்டியிருந்த அந்த நாளை அவிழ்த்தார். வரிகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவர் தமிழில் வாசித்தார், செய்தி வாசிப்பவரின் அவசரமில்லாத குரலில்.

"ஒண்டு நாப்பத்தெட்டு. ரெண்டாம் இயந்திரப் பக்கம் காஸ் எச்சரிக்கை. ஒண்டு அம்பத்தொண்டு. காஸ் எச்சரிக்கை. ஒண்டு அம்பத்தஞ்சு. காஸ் எச்சரிக்கை. ஒண்டு அம்பத்தெட்டு..."

எட்டு முறை. ஒவ்வொன்றுக்கும் நேரம் சொன்னார். ஒன்றையும் தாவவில்லை. எட்டாவதில் நானா மேசையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ரெண்டு ஒம்பது. காஸ் அபாய அளவு. ரெண்டு பத்து. ரெண்டாம் இயந்திரம் நிப்பாட்டப்பட்டது. கையால."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"காஸ் வந்தா ஹோர்ன் அடிக்கவேணுமே," என்றார் நானா. "முற்றத்தில ஒருத்தருக்கும் கேக்கேல்லையோ?"

"ஹோர்னைக் கழட்டி வைக்கச் சொன்னது சேர்தானே," என்றார் யேசண்ணை, மிகவும் தாழ்ந்த குரலில். "மீன் வாங்க வாறவை பயப்பிடீனமெண்டு."

மனேஜர் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் இல்லை.

நானா எழும்பிப் போய் யேசண்ணையின் தோளில் கை வைத்தார். "காஸ் எண்டா நிப்பாட்டத்தானே வேணும். மீன் போனாப் போகட்டும். இன்னொரு பயணம் போய்ப் பிடிக்கலாம். மனுசர் போனா எந்தக் கடலில பிடிக்கிறது?" கடிதத்தை மனேஜர் தானே கிழித்தார். நான் தேநீருக்குச் சொன்னேன். யேசண்ணை தேநீரைக் குடிக்காமல் சூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆனால் நான் மிஸ்ஸுக்குப் பின்னால் நின்றவன். திரை இரண்டு பத்தோடு முடியவில்லை. அதற்குக் கீழும் வரிகள் இருந்தன. இரண்டு ஐம்பத்தைந்து: காஸ் சாதாரண அளவு. அதன்பிறகு எச்சரிக்கை ஒன்றும் இல்லை. குளிர் மட்டும் குறைந்துகொண்டு போகிறது. மைனஸ் பதினாறு, பன்னிரண்டு, ஏழு, மூன்று. ஐந்து நாற்பது: இரண்டாம் இயந்திரம் ஓடத் தொடங்கியது, கையால்.

காஸ் போய்விட்டது என்று கருவி எழுதியபின் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் யேசண்ணை இயந்திரத்தை ஓடவிடவில்லை. எங்கே போனார்? கண் எரிந்து கடலோரப் பாறையில் போய் இருந்தாரா? பயந்தாரா? நித்திரையா? மீன் இளகியது அந்த மூன்று மணி நேரத்தில்தான். வாயைத் திறந்தேன். மிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியை முந்தானைத் துணியால் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, பெட்டியை டக்கென்று மூடினார். நானும் வாயை மூடினேன்.

*

அதற்குப் பிறகு ஒரு மாதம்தான் அவர் எங்களிடம் வந்தார். கொழும்பிலிருந்து புதிய மென்பொருள் வருகிறது, இனி ஆள் தேவையில்லை என்று மனேஜர் மரியாதையாகவே சொன்னார். மிஸ்ஸும் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். கடைசி நாள் முழுவதும் எனக்கு ஒவ்வொரு வரியையும் காட்டி, ஏன், ஏன், ஏன் என்று சொல்லிக்கொடுத்தார். ஹோர்ன் மறுபடியும் பூட்டப்பட்டிருந்தது. அதையும் ஒருமுறை அடிக்கவிட்டுக் கேட்டார். காதைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்.

பின்னேரம் வாசல்வரை போனேன். கச்சான் அடங்கியிருந்தது. துறைமுகத்துத் தண்ணீர் பித்தளைத் தட்டாகக் கிடந்தது. ஒரு மாதமாக எனக்குள் அடைந்து கிடந்ததைக் கேட்டேன்.

"மிஸ், அண்டைக்கு நீங்கள் ரெண்டு பத்தோட நிப்பாட்டினீங்கள். அதுக்குக் கீழ இருந்ததை நான் கண்டனான்."

அவர் கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நானும் கண்டனான்."

"ஏன் வாசிக்கேல்ல?"

"ஏன் நிப்பாட்டினது எண்டுதான் கேட்டவை. அதுக்குச் சொன்னன். ஏன் பிந்தி ஓடவிட்டது எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. பின்னால நிண்ட நீங்களும் கேக்கேல்ல."

"நானா பாவம் மிஸ்."

"ஓம், பாவம்." கடைசிப் பொத்தானைப் போட்டார். "யேசுதாசனிட்ட நான் தனியக் கேட்டனான். சொன்னவர். அது அவர் எனக்குச் சொன்னது, உங்களுக்குச் சொல்ல ஏலாது."

ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து தள்ளி இறக்கினார். தலைக்கவசத்தின் வாரை இறுக்கினார். ஏறி இருந்து, இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு காலை நிலத்தில் ஊன்றி என் பக்கம் திரும்பினார்.

"நானா நேத்துக் கரைக்கு வந்திட்டார். இண்டைக்கு அம்பத்தெட்டாம் நாள், இன்னும் ரெண்டு நாளைக்கு அந்தக் கோப்பு இருக்கும். வாசிக்கத்தான் வேணுமெண்டா, நீங்கள் வாசியுங்கோ தம்பி."